பேகனின் போர்வை

மூச்சு உயிரின் முதல் அடையாளம். இறுதி அடையாளமும் அதுவே. பசியைச் சில நாள் பொறுக்கலாம். நீர் வேட்கையையும் ஓரளவு பொறுக்கலாம். மூச்சுத் தடையைச் சில நிமிடங்களுக்கு மேல் பொறுக்கும் ஆற்றல் மனிதனுக்கும் இல்லை, அவன் வளர்க்கும் நாய்க்கும் இல்லை. ஆகவேதான் மூச்சுக்குத் திணறும் உயிரைக் காணும்போது மனித மனம் வேறெந்தத் துன்பத்தைக் காணும்போதும் பதறாத அளவுக்குப் பதறுகிறது. ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற துடிப்பு எழுகிறது.

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் நிகழக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். ரந்தாவ், லிங்கி, பகாவ் என எந்த வட்டாரமாயினும் காட்சி ஒன்றே. இரவு நேரம். லயத்து வீட்டின் வாசலில் ஒரு நாய் கழுத்தை நீட்டிப் படுத்திருக்கிறது. அதன் விலா எலும்புகள் விம்மித் தாழ்கின்றன. வீட்டுப் பாட்டி அதன் காதைத் தொட்டுப் பார்க்கிறார், சுடுகிறது. பட்டணத்திற்குச் செல்ல அந்நேரத்தில் வண்டியில்லை. அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதில் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் தரும் பனடோல் மாத்திரையும், தாத்தாவின் இழுப்பு நோய்க்கு அரசு மருந்தகத்தில் தந்த மாத்திரையும் உள்ளன. பாட்டி ஒரு மாத்திரையை எடுத்துச் சோற்றில் பொதிந்து நாயின் வாயருகே நீட்டுகிறார்.

அந்தக் கையில் இருப்பது அருளா, அறியாமையா? கொடுப்பவர் நெஞ்சில் அன்பு நிறைந்திருந்தால் மட்டும் கொடுக்கும் செயல் அறமாகிவிடுமா? ஒரு நாயைப் பற்றிய சிறு கேள்விபோல் தோன்றினும், இது அறத்தின் அடித்தளத்தைத் தொடும் கேள்வியாகும்.

தோட்டமும் நாயும்

தோட்டத்து நாய் அழகுக்காக வளர்க்கப்பட்டதன்று. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் தொழிலாளியோடு அதுவும் புறப்படும். இருள் பிரியாத வெட்டுக்காட்டில் பாம்பின் அசைவையும் காட்டுப்பன்றியின் வரவையும் முதலில் அறிவது அதுவே. தாயும் தந்தையும் பால்மரம் வெட்டப் போனபின் வாசலில் படுத்துப் பிள்ளைகளைக் காத்ததும் அதுவே. பின்னாளில் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். நாய்க்கு இடமில்லாத அவ்வீடுகளுக்குச் சென்றவர்கள் பலர் தம் நாயை ஆளற்ற லயத்திலேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. இவ்வாறு உழைப்பிலும் இழப்பிலும் பங்குகொண்ட உயிருக்கு நோய் வரும்போது, வீட்டிலுள்ள மருந்தில் பங்கு தர நினைப்பது இயல்பான நன்றியுணர்வேயாகும். அதனை எள்ளி நகையாடுவோர் தோட்ட வாழ்வை அறியாதவர்.

ஒன்றுபட்ட உடலும் வேறுபட்ட உடலும்

‘மனிதர் மருந்தை நாய்க்குத் தருவதா?’ என்று முகஞ்சுளிப்போரும் உளர். அவர்கள் மருந்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நலம். 1921ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் டொரொண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் கணையம் நீக்கப்பட்ட நாய்களின்மீது ஆய்வு நடத்தினர். நாயின் கணையத்திலிருந்து பிரித்த சாற்றை அந்நாய்களுக்குச் செலுத்தியபோது, ஏறியிருந்த குருதிச் சர்க்கரை இறங்கிற்று. 1922 சனவரியில் நீரிழிவால் இறக்கும் நிலையிலிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு, இவ்வாய்வின் வழி வந்த மருந்து செலுத்தப்பட்டது. இன்சுலின் என இன்று உலகம் அறியும் மருந்து அதுவே. தோட்டத்துத் தமிழர் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத குடும்பம் அரிது. ஊசி போட்டுக்கொண்டு உயிர்வாழும் ஒவ்வொருவரும் பெயரறியாத சில நாய்களுக்குக் கடன்பட்டவர்களே. ஆகவே மனிதர் மருந்தில் நாய்க்குப் பங்கில்லை என்பது நன்றி மறந்த பேச்சு.

கால்நடை மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் பலவும் மனிதர் உண்பவையே. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்த நாய்க்குத் தரப்படும் ஃபுரோசமைடு, மனிதருக்கும் அதே நோக்கில் தரப்படுகிறது. மூச்சுக்குழல் அழற்சிக்குத் தரப்படும் பிரட்னிசோலோனும் அத்தகையதே. இதற்கு எதிர்ப்புறமாக, கால்நடைகளின் ஒட்டுண்ணிகளை ஒழிக்க வந்த ஐவர்மெக்டின் பின்னர் மனிதரின் கண்பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருடு நோய்க்கு மருந்தாயிற்று. அதனைக் கண்டறிந்த இருவருக்கு 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், கால்நடைகளுக்கென விற்ற ஐவர்மெக்டினைத் தாமே வாங்கி உண்டு நோயுற்று மருத்துவமனை சேர்ந்தோர் பலர். மருந்து ஒன்றுதான், அளந்து தந்தவர் கையில் அது கண்ணொளி தந்தது, அளவறியாதவர் கையில் நஞ்சாயிற்று.

இங்கே ஒரு தெளிவு பிறக்கிறது. உடல்கள் ஒன்றுபட்டிருப்பதால் மருந்து பொதுவாகலாம். உடல்கள் வேறுபட்டிருப்பதால் அம்மருந்தே கேடுமாகலாம். எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதை அன்பு தானாகச் சொல்லித் தராது.

பாட்டி நாயின் காதைத் தொட்டபோது சுட்டதன்றோ? மனிதனின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். நாயின் இயல்பான வெப்பமோ 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். நலமாயுள்ள நாயும் மனிதக் கைக்குக் காய்ச்சல் கண்டதுபோலவே தோன்றும். நாய் இரைப்பதும் எப்போதும் நோயின் குறியன்று. மனிதனைப்போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிரும் அமைப்பு அதற்கில்லை. நாவை நீட்டி விரைந்து மூச்சுவிட்டே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே, நாய்க்குக் காய்ச்சல் என்றும் மூச்சு நோய் என்றும் மனிதன் எண்ணுவது சில வேளைகளில் அந்நாயின் இயல்பேயாகும்.

உண்மையிலேயே மூச்சுத் திணறினால், காரணம் ஒன்றல்ல. கொசுக்கடியால் பரவும் இதயப்புழு நோய் வெப்ப நாடுகளில் உண்டு. ஓரடி நீளம்வரை வளரும் புழுக்கள் நாயின் நுரையீரல் தமனிகளிலும் இதயத்தின் வலப்புறத்திலும் குடிகொள்ளும். இருமல், களைப்பு, மூச்சிரைப்பு ஆகியவை அதன் குறிகள். இதய வால்வு பழுதானாலும் மூச்சிரைக்கும். சிறு சாதி நாய்களில் மூச்சுக்குழல் தளர்ந்து ஒடுங்குவதுண்டு. நுரையீரல் அழற்சி, வெப்பத்தாக்கம், தொண்டையில் சிக்கிய எலும்பு, தோட்டத்தில் தெளித்த நஞ்சு ஆகிய எதுவும் அதே திணறலைத் தரலாம். இதயப்புழுவைக் கொல்லும் சரியான மருந்தும்கூட ஆராயாமல் தரப்பட்டால், செத்த புழுக்கள் நுரையீரல் தமனிகளை அடைத்து நாயைக் கொன்றுவிடக்கூடும்.

அலமாரி மருந்துகளின் நிலை யாது? பனடோல் என வழங்கும் பாராசிட்டமால், நாயின் உடலில் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். அதற்கும் மேலாக, குருதியின் உயிர்வளி சுமக்கும் ஆற்றலையே அழிக்கும். ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். மூச்சுத் திணறல் மிகும். மூச்சுக்கு உதவத் தந்த மாத்திரையே மூச்சைப் பறிப்பதைவிடக் கொடிய முரண் வேறென்ன இருக்க முடியும்! பூனைக்கோ ஒரே மாத்திரைகூட உயிரைப் போக்கப் போதும். ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். இழுப்பு நோய்க்கான சல்பியூட்டமால் அளவு மீறினால் இதயம் கட்டின்றி ஓடும். இருமல் பாகுகள் சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் குருதிச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்தும். அறுபது கிலோ எடையுள்ள மனிதனுக்கு அளந்த மாத்திரை, பன்னிரண்டு கிலோ எடையுள்ள நாய்க்கு ஐந்து மடங்காகிறது என்னும் எளிய கணக்கையும் மறத்தலாகாது.

இம்மண் கற்பித்த இரு பாடங்கள்

நோயின் முதலை அறியாமல் மருந்தைத் தேடுவது எவ்வளவு வீணானது என்பதை நெகிரி செம்பிலான் மண்ணே இருமுறை உலகுக்குக் கற்பித்துள்ளது.

முதலாவது, பெரிபெரி நோய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் அந்நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், இதயம் தளரும், மூச்சு முட்டும். நோய்க்கிருமியே காரணம் எனப் பலரும் நம்பினர். நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராயிருந்த பிராடன் என்பார், நோயாளிகளின் உடலை மட்டுமன்றி அவர்கள் உண்ட சோற்றையும் உற்று நோக்கினார். தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடம் நோய் மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் அரிதாயிருந்தது. 1907இல் அவர் தம் கருத்தை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள் இம்மாநிலத்தின் ஜெலுபு வட்டாரத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர் முந்நூறு பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வெள்ளரிசியும் மறுபிரிவினர்க்குப் புழுங்கல் அரிசியும் வழங்கி ஆராய்ந்தனர். நோய் வெள்ளரிசிப் பிரிவில் தோன்றியது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறையே நோய்க்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. வைட்டமின் பி1 என இன்று அது அறியப்படுகிறது. அம்மூச்சுத் திணறலுக்கு மருந்து மருந்துப் புட்டியில் இல்லை. சோற்றுப் பானையில் இருந்தது.

இரண்டாவது, நிப்பா நச்சுயிரி. 1998ஆம் ஆண்டின் இறுதியிலும் 1999ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளில் பன்றிகள் உரத்து இருமி மூச்சுத் திணறின. பண்ணையில் உழைத்தோர் மூளைக்காய்ச்சலால் மடிந்தனர். முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டது. அதற்குரிய தடுப்பூசி போடப்பட்டது. கொசு மருந்தும் புகைக்கப்பட்டது. நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அப்பகுதி நாய்களிலும் அந்நச்சுயிரி தொற்றியிருந்தது கண்டறியப்பட்டது.

ஓர் அரசின் முழு ஆற்றலும் நல்லெண்ணமும் ஒருங்கே முயன்றபோதும், நோயின் முதல் அறியப்படும்வரை மருந்து பயன்தரவில்லை. அவ்வாறாயின், ஒரு லயத்து அலமாரியின் நல்லெண்ணம் மட்டும் எவ்வாறு பயன்தரும்? மேலும், விலங்கின் மூச்சுத் திணறல் அவ்விலங்கோடு மட்டும் முடிவதில்லை என்பதையும் சுங்கை நிப்பா காட்டிற்று. நாய்க்கு என்ன நோய் என்று முறையாகக் கேட்டறிவது அவ்வீட்டுப் பிள்ளைகளைக் காக்கும் செயலுமாகும்.

கொடைமடம்

தமிழர் வள்ளல் எழுவரைப் போற்றுவர். அவருள் ஒருவன் பேகன். மயில் ஒன்றைக் கண்டு, அது குளிரால் நடுங்குகிறது என எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பது அவன் புகழ். மயிலுக்குப் போர்வை உடுக்கத் தெரியாது. அது வேண்டவும் இல்லை. இத்தகைய கொடையைக் குறிக்கக் கொடைமடம் என்னும் அரிய சொல் தமிழில் உண்டு. பேகனைப் பாடிய பரணரின் புறநானூற்றுப் பாட்டிலேயே அச்சொல் இடம்பெறுகிறது. மடம் என்பது அறியாமை. அறியாமையென்று சொல்லியும் புலவர் பேகனை இகழவில்லை. அவன் நெஞ்சின் ஈரத்தைப் போற்றினார்.

பேகனைப் போற்றிய அதே அளவுகோலால் மருந்து கொடுத்த பாட்டியையும் போற்றலாம் அல்லவா? போற்றலாம், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. போர்வை மயிலைக் கொல்லவில்லை. வேண்டாததாயின் அது உதறிவிட்டுப் போயிருக்கும். சோற்றில் பொதிந்த மாத்திரையை நாய் உதற இயலாது. அது மனிதன் கையிலிருந்து வருவதாலேயே அதனை நம்பி விழுங்குகிறது. கசக்கிறது என்று சொல்லவும், வேண்டாம் என மறுக்கவும், உண்டபின் என்ன செய்கிறதென விளக்கவும் அதற்கு மொழியில்லை. பெறுபவரின் நம்பிக்கை எவ்வளவு முழுமையானதோ அவ்வளவுக்குக் கொடுப்பவரின் பொறுப்பும் மிகுகிறது. தீங்கு செய்யக்கூடிய பொருளைக் கொடுக்கும்போது கொடைமடம் அணியாவதில்லை.

பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதிக் காவாவிடின் அறிவினால் ஆகும் பயன் என்ன என்று வள்ளுவர் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் வினவுகிறார். அருளற்ற அறிவு வீண் என்பது அதன் பொருள். ‘மருந்து’ அதிகாரத்திலோ நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராயச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் எனும் நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக்குகிறார். அறிவற்ற அருளும் முழுமையன்று என்பது இதிலிருந்து பெறப்படும். பாட்டியின் வீட்டில் இந்நான்கில் மூன்று இருந்தன. இல்லாதவர் மருத்துவர் ஒருவரே. அந்த ஓரிடம் வெறுமையாயிருக்கையில் மற்ற மூன்றும் கேட்டுக்கே துணையாகின்றன.

பார்க்காமல் கொடுத்த மருந்து

இவ்வுண்மையைத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டுவதில்லை. அவர்கள் அதனைத் தம் உடலிலேயே அறிந்தவர்கள். தோட்டத்து மருந்தகங்களைப் பற்றி மூத்தோர் சொல்லிச் சிரிக்கும் கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் நெஞ்சுவலிக்கும் ஒரே தண்ணீர் மருந்து. நாடி பார்ப்பதுமில்லை, நாக்கை நீட்டச் சொல்வதுமில்லை. அந்தச் சிரிப்பின் அடியில் ஆறாத புண் ஒன்று உண்டு. மருந்து கிடைக்கவில்லை என்பதன்று அவர்களின் குறை. மருந்து கொடுத்தவர் தம்மை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதே குறை. பார்க்காமல் கொடுப்பது, பெறுபவரை உயிராக மதியாமல் கூலி எண்ணிக்கையில் ஒன்றாக மதிப்பது.

தமக்கு நேர்ந்த அந்த அவமதிப்பை வாயில்லா உயிருக்குத் தாமே செய்தல் தகுமா? அன்போடு செய்தாலும், பார்க்காமல் கொடுத்தது பார்க்காமல் கொடுத்ததேயன்றோ?

ஏழ்மையும் கடமையும்

‘கால்நடை மருத்துவரிடம் போகப் பணம் வேண்டும். மனிதனுக்கு அரசு மருந்தகத்தில் ஒரு ரிங்கிட் போதும். நாய்க்கு யார் தருவார்?’ என்பது நேர்மையான கேள்வி. ஏழையின் அன்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அறமன்று. பாட்டியின் எண்ணத்தில் குற்றமில்லை. ஆயினும் எண்ணம் தூயதாயிருப்பதால் கடமை முடிந்துவிடாது. அங்கேதான் கடமை தொடங்குகிறது. அக்கடமை பொருட்செலவு மிகுந்ததும் அன்று. கேட்டறிவதே அதன் முதற்படி.

மாநிலக் கால்நடைச் சேவைத் துறைக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு. செர்டாங்கில் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையும் உண்டு. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்போர் தம் விலங்கின் நலத்தைப் பேண வேண்டும் என்பதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியுள்ளது. இரவாயினும் தொலைபேசியில் ஒரு மருத்துவரைத் தேடிக் கேட்கலாம். கேட்குமுன் பார்க்க வேண்டியவற்றையும் எவரும் பார்க்கலாம். உறங்கும் நாய் நிமிடத்திற்கு முப்பது முறைக்கு மேல் தொடர்ந்து மூச்சுவிட்டால் அது எச்சரிக்கை. ஈறு இளஞ்சிவப்பாயின் ஆறுதல். வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் காலந்தாழ்த்தலாகாது. மருத்துவர் கிட்டும்வரை கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் கிடத்தி, கூட்டத்தை விலக்கி, அமைதிப்படுத்தலாம். ஏதேனும் மாத்திரை முன்னமே தந்திருந்தால், வெட்கமின்றி அதன் பெயரையும் அளவையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அச்சத்தால் மறைக்கும் ஓர் உண்மை ஓர் உயிரைப் போக்கிவிடும்.

தாத்தாவின் மாத்திரையையே தரலாம் என மருத்துவர் கூறினால் என்ன செய்வது? மருத்துவர் அளவு சொல்லித் தரச் சொன்ன மருந்து அதே பெயருடையதாயினும், அதனைத் தனியே பெறுவதே முறை. அரசு மருந்தகத்தில் தாத்தாவின் பெயரில் தந்தது, தாத்தாவின் மூச்சுக்கென எண்ணித் தந்தது. நாய்க்கு ஒன்று குறைந்தால் மாதக் கடைசியில் அவருக்கு ஒன்று குறையும். ஓர் உயிரின் மூச்சைக் கடன் வாங்கி மற்றோர் உயிருக்கு அளிப்பது, கொடுத்தவர்போல் தோன்றினும், கொடையாகாது.

தமிழ்ப்பள்ளிகளில் பேகனின் கதை இன்றும் கற்பிக்கப்படுகிறது. பிள்ளைகள் அதனைக் கேட்டு மகிழ்கின்றனர், மகிழவும் வேண்டும். நெஞ்சில் ஈரமில்லாத அறிவாளிகள் பெருகுவதைவிடப் போர்வை கொடுக்கும் பேகன்கள் பெருகுவது நாட்டுக்கு நன்று. ஆயினும் கதை முடிந்தபின் ஆசிரியர் ஒரு வினாவை வகுப்பின்முன் வைத்தல் வேண்டும்: ‘மயிலுக்கு உண்மையிலேயே குளிர்ந்ததா?’

அவ்வினாவை ஒருமுறை நெஞ்சில் வாங்கிய பிள்ளை, பின்னொரு நாள் மூச்சுக்குத் திணறும் நாயின் அருகில் மாத்திரையோடு நிற்க நேர்ந்தால், கையைச் சற்று நிறுத்தும். முதலில் உற்றுப் பார்க்கும். பிறகு அறிந்தவரைக் கேட்கும். அவ்வாறு நின்று பார்ப்பதும் அருளே.